கட்டைவிரலுக்கு எட்டாத பொத்தான்

மேம்படுத்துகிறவர் என்றொரு மனித வகை உண்டு. கடையில் வாங்கிய எந்தப் பொருளையும் வாங்கியபடியே வைத்திருக்க அவரால் முடியாது. புது பெல்ட் வாங்கினால் கூடுதலாக ஒரு துளை போடுவார்; புது வீட்டுக்குக் குடிபோனால் பெட்டிகளைப் பிரிக்கும் முன்பே கதவுப் பிடியை இரண்டு அங்குலம் கீழே இறக்குவார்; விருந்துக்குப் போன இடத்தில் நாற்காலி ஆடுகிறதா என்று அசைத்துப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவார், ஆடாவிட்டால் அவர் முகம் வாடிவிடும். அவருக்குக் கடவுள் மேலேயே ஒரு குறை உண்டு. முழங்கையை ஒரே பக்கமாக மடங்க வைத்தது என்ன வேலைப்பாடு?

இந்த வகை எல்லா ஊரிலும் கிடைக்கும். சில ஊர்களில் ரேடியோவைப் பிரித்துப் போடும்; சில ஊர்களில் ஸ்கூட்டரை. பென்சில்வேனியாவின் மேற்கு மூலையில் இருக்கும் எங்கள் மில்பெரி கிரீக்கில் அது துப்பாக்கியைப் பிரித்துப் போடும். மான் வேட்டை தொடங்கும் நாளில் பள்ளிக்கூடத்துக்கே விடுமுறை விடுகிற ஊரில் வேறு எதைப் பிரிப்பது?

எங்கள் ஊருக்கு வாய்த்தவர் பெயர் டெல்மர் கிராட்ஸ். ஐம்பத்து நான்கு வயது. துப்பாக்கி செய்கிறவர் என்று நினைத்துவிடாதீர்கள், இரும்புப் பட்டறைக்காரர்கூட இல்லை. அவர் பல்செட் செய்கிறவர். மூன்று ஊர்ப் பல் மருத்துவர்கள் அனுப்பும் அச்சுகளை வைத்து, பக்கத்து ஊரில் பல்செட் செய்யும் கூடத்தில் பகல் முழுக்க மேல்வரிசையும் கீழ்வரிசையும் வார்ப்பார். பல் ராவுகிற சின்ன மோட்டார், பொடிப்பொடியான அரங்கள், ஈறு மாதிரியே இளஞ்சிவப்பாக இறுகும் அந்தப் பசை: இவ்வளவும் கையில் இருக்கிற மனிதர் சாயங்காலம் வீட்டுக்கு வந்து சும்மா இருப்பாரா?

எங்கள் துப்பாக்கி மன்றத்தில் மாதம் ஒரு சனிக்கிழமை போட்டி நடக்கும். சுடுகிறவருக்குப் பின்னால் ஒரு கை தூரத்தில் டைமரைப் பிடித்துக்கொண்டு நிற்பது என் வேலை. ‘பீப்’ என்றதும் உறையிலிருந்து உருவி, அட்டைகளையும் இரும்புத் தட்டுகளையும் யார் சீக்கிரம் சுட்டு முடிக்கிறார்களோ அவருக்குக் கோப்பை. கோப்பை என்றால் பிளாஸ்டிக்தான். அதற்காக இரண்டு பேர் பதினோரு வருஷம் பேசாமல் இருந்திருக்கிறார்கள்.

டெல்மரின் இடம் எப்போதும் நடுவுக்குச் சற்றுக் கீழே. இருபது பேர் வந்தால் பதிமூன்று. முப்பது பேர் வந்தால் பத்தொன்பது. வேறொருவராக இருந்தால், நாம் இன்னும் கொஞ்சம் பயிற்சி செய்ய வேண்டும் என்று நினைப்பார். மேம்படுத்துகிறவர் அப்படி நினைப்பதில்லை. அவர் துப்பாக்கியைப் பார்ப்பார்.

“ரஸ், இதை வடிவமைச்சவன் ஒரு நாளாவது இதைக் கையில பிடிச்சிருப்பான்னு நினைக்கிறியா?” என்று என்னிடம் கேட்பார்.

“பிடிச்சிருப்பான் டெல்மர்.”

“அவன் கட்டைவிரல் என்ன வாழைப்பழ நீளமா? இந்தப் பொத்தான் யாருக்கு எட்டும்?”

அவர் சொன்னது மேகசின் பொத்தானை. தோட்டாக்களை அடுக்கிப் பிடியின் வயிற்றுக்குள் செருகுகிற தகரக் கூடுதான் மேகசின். காலியானதும் அந்தப் பொத்தானை அமுக்கினால் அது கீழே விழும், அடுத்ததைச் செருகலாம். கோடிக்கணக்கான கட்டைவிரல்களுக்கு எட்டிய பொத்தான் அது. டெல்மர் அதன் தலையில் பல்செட் பசையை வைத்துக் கொண்டைக்கடலை அளவுக்கு உயர்த்தினார். பக்கத்தில் இருந்த நெம்புக்கு ஒரு நீட்டல், தவறி வெடிக்காமல் பூட்டிவைக்கும் சேஃப்டிக்கு ஒரு துடுப்பு. எல்லாம் இளஞ்சிவப்பில். துப்பாக்கிக்கு ஈறு முளைத்த மாதிரி இருந்தது. அடுத்த போட்டியில் ‘பீப்’ என்றதும் உருவினார். உள்ளங்கை பட்டு மேகசின் கழன்று அவர் கால் கட்டைவிரல்மேல் விழுந்தது. அன்றைக்கு அவர் கடைசி.

“ஸ்பிரிங்தான். ஸ்பிரிங்கைக் கொஞ்சம் இறுக்கணும். ஒரு மத்தியான வேலை” என்றார்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். இந்த வகை மனிதருக்குத் தோல்வியே கிடையாது. இன்னும் முடியாத வேலை மட்டும்தான் உண்டு. அந்த ‘ஒரு மத்தியானம்’ மூன்று வருஷமாக நடந்துகொண்டிருந்தது. போட்டி முடிந்து சில்லிக் கறியும் காப்பியுமாக எல்லாரும் உட்கார்ந்திருக்கும்போது, அவர் அடுத்தவர் துப்பாக்கியைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்ப்பார். “மோசமில்லை. ஆனா...” என்பார். அந்த ‘ஆனா’வைக் கேட்டதும் எங்கள் ஆட்கள் மரியாதையாகத் துப்பாக்கியைத் திரும்ப வாங்கிப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுவார்கள்.

பூட்டாதவர் ஒருவர்தான். டெல்மரின் மனைவி அர்லீன்.

அர்லீன் கிராட்ஸைப் பற்றிச் சொல்ல வேண்டும். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். நாற்பது பிள்ளைகளைப் பின்னால் வைத்துக்கொண்டு பனியில் ஓட்டுகிறவளுக்கு ‘பீப்’ என்ன செய்துவிடும்? எங்கள் மாவட்டப் போட்டியில் இரண்டு வருஷம் தொடர்ந்து கோப்பை வாங்கியவள். அவள் சுடுவது அவள் அப்பா எல்வுட் ரீம் விட்டுச்சென்ற துப்பாக்கியால். பிடியின் மரம் அவர் கை பட்டுத் தேய்ந்து, ஒரு பக்கம் குழிந்து கிடக்கும். அர்லீன் இடதுகைக்காரி. துப்பாக்கியோ வலதுகைக்காரர்களுக்காகச் செய்தது. எல்லாப் பொத்தானும் நெம்பும் அவளுக்கு எதிர்ப்பக்கம். அதனால் அவள் என்ன செய்தாள் என்று கேட்கிறீர்களா? பழகிக்கொண்டாள். மேகசின் பொத்தானை ஆள்காட்டி விரலால் அமுக்குவாள். சேஃப்டியை, துணைக்கு வரும் வலதுகைக் கட்டைவிரலால் தள்ளிவிடுவாள். இருபத்திரண்டு வருஷமாக அவள் விரல்களுக்கு வழி தெரியும். கண்ணும் மூளையும் கூடப்போக வேண்டியதில்லை.

இதை டெல்மர் இருபத்திரண்டு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். மற்றவர்கள் அதில் ஒரு கெட்டிக்காரியைப் பார்த்தார்கள். அவர் அதில் ஒரு குறையைப் பார்த்தார்.

“அவ கஷ்டப்படுறா ரஸ்.”

“போன வருஷம் உன்னை விட எட்டு விநாடி முன்னால முடிச்சா டெல்மர்.”

“அதான் சொல்றேன். கஷ்டப்பட்டே எட்டு விநாடின்னா, வசதியா இருந்தா?”

அர்லீன் ஏற்கெனவே சொல்லியிருந்தாள். மன்றத்தில் எல்லார் முன்னாலும், காப்பிக் குவளையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: “அப்பா துப்பாக்கியில மட்டும் கை வெச்சுடாதே. மத்தபடி வீட்டை இடிச்சுக் கட்டிக்கோ.” டெல்மர் தலையாட்டினார். ஆனால் மேம்படுத்துகிறவர் காதில் ‘வேண்டாம்’ என்ற சொல் எப்படி விழும் தெரியுமா? ‘இப்போது வேண்டாம், முடித்துக் காட்டினால் சந்தோஷப்படுவேன்’ என்று விழும்.

செப்டம்பரில் அர்லீனின் தங்கைக்கு இடுப்பில் அறுவை சிகிச்சை. துணைக்கு அர்லீன் ஈரி நகரத்துக்குப் போனாள். பத்து நாள். மாவட்டப் போட்டிக்கு முந்தைய நாள் சாயங்காலம்தான் திரும்பினாள். அந்தப் பத்து நாளும் டெல்மர் வீட்டு அடித்தளத்தில் விளக்கு எரிந்ததையும், சின்ன மோட்டார் சிணுங்கியதையும் தெருவே கேட்டது. அவர் தனக்கு ஒரு பீட்சா வரவழைத்துச் சாப்பிடக்கூட மறந்தார் என்று பிறகு எங்களிடம் பெருமையாகச் சொன்னார். அன்பு இல்லாமல் ஒருவன் பசியை மறப்பானா? அங்கேதான் சிக்கல். இந்த மனிதர்களிடம் அன்பு நிறையவே இருக்கிறது. கேட்பதற்குத்தான் அவர்களுக்கு நேரமில்லை.

வந்தவள் களைப்பில் படுத்துவிட்டாள். காலையில் டெல்மரே அவள் பெட்டியைத் தூக்கி வண்டியில் வைத்தார். உறையில் துப்பாக்கியைச் செருகி, மேலே மூடியும் போட்டுவைத்திருந்தார். எங்கள் விதிப்படி, சுடும் இடத்தில் நின்று நான் ‘நிரப்பு’ என்று சொல்லும்வரை யாரும் துப்பாக்கியைத் தொடக் கூடாது. அந்த விதியைக்கூட அவர் தன் பரிசுக்கு உறையாக்கிக்கொண்டார். பத்துப் பேர் பார்க்க, சுடுகிற இடத்தில் அவள் மூடியைத் திறந்து மலர வேண்டும். அதுதான் அவர் கனவு.

அன்று நல்ல வெயில். நாற்பத்தோரு பேர் வந்திருந்தார்கள். அர்லீனுக்கு மூன்றாவது கோப்பை கிடைத்தால் அவள் பெயர் மன்றத்துப் பலகையில் ஏறும். அதுவரை அதில் ஒரு பெண் பெயரும் இல்லை. அவள் வந்து நின்றாள். நான் பின்னால் நின்றேன்.

“நிரப்பு” என்றேன்.

அவள் மூடியைத் திறந்து துப்பாக்கியை எடுத்தாள். எடுத்த கை அப்படியே நின்றது. வலது பக்கத்தில், இதுவரை ஒன்றுமே இல்லாத இடத்தில், இளஞ்சிவப்பாக ஒரு துடுப்பு. அதற்குக் கீழே கொண்டைக்கடலைப் பொத்தான். இடது பக்கத்தில் பழைய சேஃப்டி இருந்த இடத்தில் ராவித் தேய்த்த ஒரு முனை மட்டும். அவள் திரும்பிக் கயிற்றுக்கு அப்பால் பார்த்தாள். டெல்மர் இரண்டு கட்டைவிரல்களையும் தூக்கிக் காட்டினார். முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

நான் அப்போதே நிறுத்தியிருக்க வேண்டும். நானும் அந்த இளஞ்சிவப்பைப் பார்த்தேன். மூன்று வருஷமாக அதைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன், அன்றும் சிரிப்பு வந்தது. அதனால் நிறுத்தவில்லை.

“அர்லீன், ரெடியா?”

அவள் ஒரு நிமிஷம் யோசித்தாள். பின்னால் நாற்பது பேர். பலகையில் ஒரு காலி இடம். தாடையை இறுக்கிக்கொண்டு மேகசினைச் செருகினாள், மேற்பகுதியை இழுத்து ஒரு தோட்டாவைக் குழலுக்குள் ஏற்றினாள், சேஃப்டியைப் போட்டாள், உறையில் வைத்தாள்.

“ரெடி.”

‘பீப்’.

அதன் பிறகு நடந்தது ஒரு விநாடிகூட இருக்காது, சொல்லத்தான் நேரமாகிறது. அந்த அகலத் துடுப்பு உறையின் விளிம்பில் உரசித் தானாகவே கீழே இறங்கியது. அதாவது சேஃப்டி விலகிவிட்டது. அவள் உள்ளங்கை கொண்டைக்கடலையை அமுக்கியது. மேகசின் கழன்று சரளைக்கல்லில் விழுந்தது. வலதுகைக் கட்டைவிரல் வழக்கம்போல் இடது பக்கம் போய்ச் சேஃப்டி நெம்பைத் தேடியது. நெம்பு இல்லை. தேடிய கை வழுக்கியது, நழுவாமல் இருக்க மறு கை இறுகியது, இறுகிய கையோடு விரலும் விசையில் இறுகியது. மேகசின் விழுந்தாலும் குழலுக்குள் ஏற்கெனவே ஒரு தோட்டா இருந்ததே.

வெடித்தது. என் இடது பூட்சுக்கு ஒன்றரை அடி தள்ளி மண் தெறித்தது. ஒரு சரளைக்கல் பறந்து வந்து என் முழங்காலில் சுள்ளென்று அடித்தது. அது கல்தான் என்று தெரிந்துகொள்ள எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

“நிறுத்து!” என்று கத்தினேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

அர்லீன் துப்பாக்கியைக் காலி செய்து, எனக்குக் காட்டி, மேசைமேல் வைத்தாள். முகம் சுண்ணாம்பாக இருந்தது. “ரஸ், பட்டுச்சா?” என்றாள்.

“இல்லை. கல்லுதான்.”

“சொல்லு. சொல்ல வேண்டியதைச் சொல்லிடு.”

சொன்னேன். காலடி மண்ணில் சுட்டவரைப் போட்டியிலிருந்து நீக்க வேண்டும், அது விதி. யாராக இருந்தாலும் விதிதான். இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அவள் பெயருக்கு எதிரே கோடு போட்டேன். கயிற்றைத் தாண்டி, மூச்சிரைக்க ஓடி வந்தார் டெல்மர். மனைவிக்கு என்ன ஆயிற்று, எனக்கு என்ன ஆயிற்று என்று கேட்கத்தானே? குனிந்து துப்பாக்கியைப் பார்த்தார்.

“உறைதான் காரணம்! உறை விளிம்பை ஒரு அரை அங்குலம் வெட்டிட்டாப் போதும். அப்புறம் அந்த ஸ்பிரிங். ஒரு மத்தியான வேலை, அர்லீன்.”

அர்லீன் அவரைப் பார்த்தாள். “ரஸ்ஸோட காலைப் பாரு டெல்மர்” என்றாள்.

அவர் பார்த்தார். அப்போதுதான் மண்ணில் இருந்த குழி கண்ணில் பட்டது. குழியிலிருந்து என் பூட்சுக்கு அவர் கண்ணாலேயே அளந்தார். அளக்கப் பிறந்த கண் அல்லவா? அளந்து முடித்ததும் அவர் முகம் கொஞ்சம் கொஞ்சமாக விழுந்தது. அவருக்கு ‘ஆனா’ கிடைக்காமல் போனதை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

திங்கட்கிழமை அவள் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு ஓரின் பெக்கிடம் போனாள். ஓரின் நிஜமான துப்பாக்கி மெக்கானிக், பேச்சு குறைவு. என்னையும் கூட வரச் சொன்னாள். ஓரின் விளக்கடியில் வைத்து நெடுநேரம் திருப்பிப் பார்த்தார்.

“வலது பக்கம் ஓட்டை போட்டிருக்கான். பழைய சேஃப்டியை எங்கே வெச்சிருக்கான்?”

“ராவிட்டானாம்.”

“தூளா?”

“தூளாத்தான்.”

ஓரின் கண்ணாடியைக் கழற்றினார். “இங்க பாரும்மா. அதே மாதிரி நெம்பு ஒண்ணு எங்கிட்ட இருக்கு, போட்டுடலாம். ஓட்டையையும் அடைச்சு ராவிடலாம். சுடும். பத்திரமா சுடும். ஆனா உங்கப்பா பிடிச்ச துப்பாக்கி இதான்னு கேட்டா, அதுக்கு நான் பதில் சொல்ல மாட்டேன்.”

வெளியே வந்து அவள் வண்டியில் ஏறாமல் நின்றாள். “நான் அன்னிக்கு நிறுத்தியிருக்கணும் அர்லீன்.”

“ஆமா, நிறுத்தியிருக்கணும். நானும் ரெடின்னு சொல்லியிருக்கக் கூடாது. உன்னைக் கொன்னிருப்பேன், ஒரு போர்டுல பேர் வரணும்னு.” வண்டிக் கதவைத் திறந்தாள். “நம்ம ரெண்டு பேருக்கும் அது புரியுது. அவனுக்கு என்ன புரிஞ்சிருக்கு? ஸ்பிரிங்.”

பதினோரு நாள் அவள் அவரோடு பேசவில்லை. அந்தப் பதினோரு நாளும் டெல்மர் ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். எழுதினார், திருத்தினார், சுத்தப்பிரதி எடுத்தார், மறுபடி திருத்தினார். நான்காம் பிரதியைச் சாப்பாட்டு மேசைமேல் அவள் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். ஐந்து பக்கம். இரண்டு படங்கள், அம்புக்குறிகளோடு.

அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதும் படித்தாள். “இதுல ‘மன்னிச்சுக்கோ’ங்கிற வார்த்தை எங்கே இருக்கு?”

“முதல் பிரதியில முதல் வரியே அதான். அப்புறம்... ஓட்டத்துக்கு இடைஞ்சலா இருந்துச்சு.”

“அந்த முதல் பிரதியைக் கொண்டா.”

குப்பைக் கூடையிலிருந்து எடுத்து வந்தார். கசங்கியிருந்தது. மூன்றே வரி. அவள் அதைப் படித்துவிட்டு, மேசையில் வைத்துக் கையால் நீவினாள். பிறகு எழுந்து, மீதியிருந்த மாட்டிறைச்சிக் குழம்பைச் சூடுபடுத்தி இரண்டு தட்டில் போட்டாள். இதை அர்லீனே என்னிடம் சொன்னாள். சிரித்தாளா அழுதாளா என்று தெரியாத ஒரு குரலில் சொன்னாள்.

அடுத்த வசந்தத்தில் அவள் அந்தத் துப்பாக்கியோடு திரும்பி வந்தாள். நன்றாகத்தான் சுட்டாள். இரண்டாம் இடம், முக்கால் விநாடியில் கோப்பை போயிற்று. ஓரின் அடைத்த இடம் பார்த்தால் தெரியாது, ஆனால் அவள் இடதுகைக் கட்டைவிரலுக்கு அது தெரிகிறதாம். ஒவ்வொரு தடவை உருவும்போதும் அந்த விரல் அந்த இடத்தில் ஒரு கணம் நின்று, இங்கே இப்போது என்ன இருக்கிறது என்று கேட்டுவிட்டுத்தான் போகிறதாம். அந்தக் கேள்விக்கு ஆகிற நேரம்தான் முக்கால் விநாடி. மன்றத்துப் பலகையில் அவள் பெயர் இன்னும் இல்லை.

டெல்மரின் மோட்டாரும் அரங்களும் பல்செட் கூடத்துக்கே போய்விட்டன. அடித்தளத்தில் இப்போது அர்லீனின் தங்கையுடைய பழைய தையல் மிஷின் இருக்கிறது. அர்லீன் துப்பாக்கிப் பெட்டிக்கு ஒரு பூட்டு வாங்கி, சாவியைக் கழுத்தில் தொங்கவிட்டிருக்கிறாள். இனிமேல் அதைத் தொட மாட்டேன் என்று டெல்மர் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறார். கையால் தொடுவதில்லை. கண்ணுக்கு யார் பூட்டுப் போட முடியும்? போன வாரம் அந்தப் பூட்டையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாராம்.

சிரிக்கிறீர்கள். நல்லது. உங்கள் வீட்டில் துப்பாக்கி இல்லை, உங்கள் கையில் அரமும் இல்லை. ஆனால் போன மாதம் உங்கள் மனைவி ஊருக்குப் போயிருந்தபோது சமையலறை டப்பாக்களை அகர வரிசையில் அடுக்கி வைத்தது யார்? அவள் இன்னும் சீரகத்தைத் தேடிக்கொண்டிருக்கிறாள். உங்கள் அப்பாவின் கைப்பேசியில் எழுத்தைப் பெரிதாக்கி, படங்களை இடம் மாற்றி, ‘இனிமே ஈஸி’ என்று முதுகில் தட்டிக் கொடுத்தது யார்? அன்றிலிருந்து அவர் யாருக்கும் போன் செய்வதில்லை, கவனித்தீர்களா? நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை என்கிறீர்கள். இருக்கலாம். இந்தக் கட்டுரையைப் படித்துக்கொண்டு வரும்போது ஓர் இடத்தில் நின்று, இந்த வாக்கியத்தைக் கொஞ்சம் மாற்றியிருந்தால் நன்றாக இருந்திருக்குமே என்று உங்களுக்குத் தோன்றியதா? தோன்றியிருந்தால் அது எந்த வாக்கியம் என்று எனக்குத் தயவுசெய்து எழுதி அனுப்பாதீர்கள். பேனாவைக் கீழே வைத்துவிட்டு, உள்ளே போய், உங்களால் மேம்பட்டவர்கள் யாராவது வீட்டில் இருக்கிறார்களா என்று பாருங்கள்.